தகரக் கூரைக்கு அடியில் ஒரு முதல்: சேலத்துச் சிறு பயிற்சிக்கூடங்கள் எங்கே இடறுகின்றன

சேலத்தில் சின்ன ஜிம்மோ கராத்தே வகுப்போ சிலம்பக் கூடமோ நடத்துகிற ஒருவரிடம் "முதல் எவ்வளவு போட்டிருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். டிரெட்மில் இவ்வளவு, ராக் இவ்வளவு, தரையில் போட்ட மேட் இவ்வளவு என்று இரும்பும் ரப்பருமாகக் கணக்கு சொல்வார். அதைக் காப்பாற்ற இரண்டு கேமரா, ஷட்டருக்கு இரட்டைப் பூட்டு, வாசலில் எலுமிச்சை மிளகாய் எல்லாம் இருக்கும். அந்தச் சாமான் அத்தனையையும் நாளைக்கே விற்கப் போட்டால் வாங்கிய விலையில் பாதி தேறுவதே கஷ்டம். மாதா மாதம் வாடகை கட்டுவது வேறொன்று. இந்த மாஸ்டரிடம் விட்டால் பிள்ளை பத்திரமாக இருக்கும், ஒழுங்காக வரும் என்று ஐம்பது அறுபது வீடுகளில் இருக்கிற நினைப்பு அது. அதற்குக் கேமரா இல்லை, பூட்டு இல்லை, பெரும்பாலும் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

இப்படிப்பட்ட கூடங்களுக்கு வரவு செலவு எழுதிக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. திறப்பதையும் மூடுவதையும் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். ஆள் வராமல் மூடிய கூடங்களைவிட, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடியவைதான் எனக்கு அதிகம் நினைவில் நிற்கின்றன. கட்டட உரிமையாளர் காலி செய்யச் சொல்லியிருப்பார். அல்லது உதவி மாஸ்டர் பாதிப் பிள்ளைகளோடு அடுத்த தெருவில் போர்டு மாட்டியிருப்பார். இல்லையென்றால் ஒரு பையனுக்கு அடிபட்டிருக்கும். மூன்றுமே முன்கூட்டியே எழுதி வைத்திருக்கக்கூடிய விஷயங்கள்.

முதலில் பணம் எப்படி வந்து போகிறது என்று பார்த்துவிடலாம். ஒரு கராத்தே வகுப்பில் அறுபது பிள்ளைகள், ஆளுக்கு மாதம் 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரவு 42,000. வாடகை 14,000, உதவி மாஸ்டருக்கு 10,000, கரண்ட், தண்ணீர், கூட்டிப் பெருக்குகிற அம்மாவுக்குச் சம்பளம் என்று ஒரு 6,000. மாஸ்டர் கையில் 12,000 நிற்கும். எண்களை உங்கள் தெருவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், வடிவம் மாறாது. மார்ச் பிறந்து தேர்வு என்று பதினெட்டுப் பிள்ளைகள் நின்றால் வரவு 29,400. செலவு அப்படியே 30,000. பதினெட்டுப் பேர் போனதற்கு மாஸ்டரின் மொத்தச் சம்பளமும் போய்விட்டது.

இந்த ஏற்ற இறக்கம் இந்த ஊரில் யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை பொதுத்தேர்வு. மே மாதம் கோடை முகாம் என்று கூட்டம் அள்ளும். ஜூனில் பள்ளிக் கட்டணம் கட்டிய கையோடு பெற்றோர் எதையாவது நிறுத்தப் பார்ப்பார்கள். முதலில் கண்ணில் படுவது கராத்தேதான். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால் ஊரே கோயிலில் இருக்கும், வகுப்பு காலி. விஜயதசமிக்குப் புதுச் சேர்க்கை. ஜிம்முக்கு ஜனவரிதான் அறுவடை, பொங்கல் தாண்டியதும் பாதிப் பேர் காணாமல் போவார்கள். இது தெரிந்தும் மே மாத வரவை வைத்து வருஷச் செலவைத் திட்டமிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைவிட ஆபத்து, சலுகை விலை என்று ஆறு மாதம், ஒரு வருஷப் பணத்தை மொத்தமாக வாங்கி அதிலேயே புது மெஷின் எடுப்பது. வாங்கிய பணம் இன்னும் சம்பாதித்த பணம் ஆகவில்லை, அது உறுப்பினர்களிடம் பட்ட கடன். நடுவில் கூடத்தை மூட நேர்ந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அந்தக் கடன் எழுந்து நிற்கும். 'கட்டிய பணம் திருப்பித் தரப்படாது' என்று ரசீதில் அச்சடித்திருப்பது அங்கே பெரிதாக உதவாது. கொடுக்காத சேவைக்குப் பணத்தை வைத்துக்கொள்ள 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விடுவதில்லை.

ஜி.எஸ்.டி பற்றிப் பலரும் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சேவைத் தொழிலுக்குப் பொதுவாகப் பதிவே வேண்டாம். மேலே சொன்ன வகுப்பு ஐந்து லட்சத்தைச் சுற்றித்தான் வரும். 20 லட்சத்தைத் தாண்டிய ஜிம், யோகா நிலையங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது. கூடவே உள்ளீட்டு வரிச் சலுகை போய்விட்டது. மெஷின் வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டியை இனிக் கழித்துக்கொள்ள முடியாது என்பதால், புதிதாகச் சாமான் எடுக்கிறவர்கள் அதையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போட வேண்டும். தற்காப்புக் கலை வகுப்பு இந்தத் தலைப்பில் வருமா, வேறு தலைப்பிலா என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மாடியில் ஏறிய கூடம்

ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம், ஐந்து ரோடு பக்கம் தரைத்தள வாடகை சின்னக் கூடத்துக்குக் கட்டுப்படியாகாது. அதனால் மாஸ்டர்கள் மேலே ஏறுகிறார்கள்: இரண்டாவது மாடி, இல்லாவிட்டால் மொட்டை மாடியில் தகரக் கொட்டகை. அம்மாப்பேட்டை, குகை பக்கம் அதிர்ஷ்டம் இருந்தால் தறி ஓட்டி நிறுத்திய பழைய கூடம் கிடைக்கும். நீளமாக, நடுவில் தூண் இல்லாமல், கம்பு சுற்றுவதற்கென்றே கட்டியது போல இருக்கும். தகரக் கொட்டகையின் சங்கதி வேறு. சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும். சூரியன் இறங்கிய பிறகும் தகரம் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். கீழே விரித்த ரப்பர் மேட்டில் கால் வைத்தால் வெந்நீர் ஒற்றடம். அந்த நேரத்தில் எட்டு வயதுப் பிள்ளைகளை ஐம்பது தண்டால் எடுக்க வைப்பது பயிற்சி ஆகாது. கோடையில் காலை ஆறு மணிக்கு வகுப்பை மாற்றுவதும், பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீர் இடைவேளை விடுவதும் செலவில்லாத காரியங்கள்.

மாடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது, கேட்கிறவர்கள் குறைவு. ஐ.எஸ். 875 என்கிற இந்தியத் தரநிலைப்படி வீட்டு அறைகளின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ நகரும் சுமைக்கும் (ஆட்கள், சாமான்களின் எடை), ஏறிப் புழங்குகிற மொட்டை மாடி சுமார் 150 கிலோவுக்கும் கணக்கிடப்படுகின்றன. உடற்பயிற்சிக் கூடம் என்றே கட்டுகிற தளத்துக்கு இது போல இரண்டு மடங்காவது வேண்டும். பிள்ளைகள் பரவலாக நின்று காட்டா என்கிற கராத்தே அசைவு வரிசையைச் செய்வது ஒரு விஷயம். நூற்றைம்பது கிலோ பார்பெல்லை டெட்லிஃப்ட் முடித்துக் கீழே போடுவது முற்றிலும் வேறு. வீடாகக் கட்டிய மாடியில் பளு ராக்கை வைப்பதற்கு முன் ஒரு கட்டடப் பொறியாளர் வந்து பார்க்கட்டும். ராக்கைச் சுவரோரம், உத்தரத்துக்கு மேலே தள்ளி வைக்கச் சொல்வார். கீழே வீட்டுக்காரர் குடியிருந்தால், விரிசலைவிடச் சத்தம்தான் முதல் சண்டையைக் கொண்டுவரும்.

மின் இணைப்பில் பலர் மாட்டுகிறார்கள். வீட்டு மாடியில் வகுப்பு ஆரம்பித்துவிட்டு, வீட்டு இணைப்பிலேயே டிரெட்மில்லும் ஃபேனும் ஓடும். வீட்டு உபயோகத்துக்கான கட்டணமும் வணிகக் கட்டணமும் வேறு வேறு. ஆய்வுக்கு வந்தவர்கள் கண்டுபிடித்தால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவில் இரண்டு மடங்குக் கட்டணம் போடுவார்கள். எப்போதிருந்து என்று தெரியாவிட்டால் பின்னோக்கிப் பன்னிரண்டு மாதத்துக்கு. பில் உரிமையாளர் பெயரில்தான் வரும், அதோடு காலி செய்யச் சொல்லும் பேச்சும் வரும்.

வாடகை ஒப்பந்தம்தான் இந்தத் தொழிலின் அஸ்திவாரம். இங்கே அது ஒரு முத்திரைத்தாளில், பதினொரு மாதத்துக்கு, யாரோ ஒருவருக்கு எழுதியதன் நகலாக இருக்கும். பதினொரு மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்றால், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்று பதிவுச் சட்டம் சொல்வதால், அந்தச் செலவைத் தவிர்க்க. கடை வைத்து அரிசி விற்பவருக்கு அது சரிப்படலாம். கண்ணாடி, மேட், கழிவறை என்று உள்ளே லட்சக்கணக்கில் போட்டுவிட்டு, பதினோராவது மாதம் உரிமையாளரின் மருமகன் வெளிநாட்டிலிருந்து வந்து "நாங்களே ஜிம் வைக்கலாம்னு இருக்கோங்க" என்று சொன்னால் மாஸ்டர் என்ன செய்வார்? மூன்று அல்லது ஐந்து வருஷத்துக்கு எழுதிப் பதிவதற்கான செலவு, அந்தக் கண்ணாடியின் விலையைவிடப் பெரும்பாலும் குறைவு.

தமிழ்நாட்டில் வாடகைக்கென்று 2017-இல் இயற்றப்பட்ட சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பது அதன் அடிப்படை. வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்றும் சொல்கிறது. நடைமுறையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள், கொடுக்கிறோம். கொடுத்தாலும் போகட்டும், நாலு வரி சேர்த்து எழுதிக்கொள்ளலாம். இந்த இடத்தில் உடற்பயிற்சி, தற்காப்புக் கலை வகுப்பு நடத்த உரிமையாளர் சம்மதிக்கிறார். பதித்த கண்ணாடியும் மேட்டும் வாடகைதாரர் கழற்றிக்கொண்டு போகலாம். காலி செய்ய ஆறு மாத அவகாசம். அதே கட்டடத்தில் இன்னொரு ஜிம்முக்கு இடம் விடுவதில்லை. உரிமையாளரிடம் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். முன்னூறு பேர் பார்க்கச் செங்கல் உடைக்கிற மாஸ்டருக்கு இந்த நாலு வரி கேட்க வாய் வருவதில்லை.

சீடன் தனிக்கடை போடும்போது

இந்தத் தொழிலின் ஆறாத புண் இதுதான். பன்னிரண்டு வயதில் வந்த பையன், வளர்ந்து பிளாக் பெல்ட் வாங்கி, மாஸ்டருக்கு உடம்பு சரியில்லாத நாளெல்லாம் வகுப்பெடுத்து, ஒரு கட்டத்தில் பிள்ளைகளுக்கு அவனே மாஸ்டர் ஆகிறான். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அவன் அட்மின். ஒரு நாள் அந்தக் குழுவின் பெயர் மாறுகிறது. முகப்புப் படத்தில் புது லோகோ. "அன்பான பெற்றோர்களே, வரும் திங்கள் முதல் நமது வகுப்பு புதிய இடத்தில்..." என்று ஒரு செய்தி. அதைப் பார்த்த பிறகுதான் மாஸ்டருக்கே விஷயம் தெரியும்.

துரோகம் என்பார் மாஸ்டர். பத்து வருஷமாகப் பத்தாயிரம் சம்பளம் என்பான் சீடன். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இந்தக் கட்டத்தில் மாஸ்டர்கள் வக்கீலிடம் ஓடி, அடுத்த ஆளிடமாவது 'வேலையை விட்டால் ஐந்து கிலோமீட்டருக்குள் வகுப்பு நடத்த மாட்டேன்' என்று எழுதி வாங்க வேண்டும் என்கிறார்கள். அந்தத் தாள் செல்லாது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, ஒருவர் நியாயமான தொழிலைச் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்கு வெற்று ஒப்பந்தம் என்கிறது. வேலையில் இருக்கும் காலத்தில் வேறு இடத்தில் வகுப்பெடுக்கக்கூடாது என்று கட்டுப்படுத்தலாம், 1967-லேயே உச்ச நீதிமன்றம் அதை ஏற்றிருக்கிறது. வேலையை விட்ட பிறகு அவன் கையைக் கட்ட முடியாது. இங்கிலாந்திலும் அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் நியாயமான அளவுக்கு இது செல்லும் என்பதால், இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டு ஒப்பந்த மாதிரிகளை அப்படியே இறக்கி எடுக்கிறவர்கள் ஏமாந்து போகிறார்கள்.

ஆனால் அதே சட்டப் புத்தகத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 36-ஆவது பிரிவு, பங்குதாரர் ஒருவர் ஃபர்மை விட்டு விலகும்போது, குறிப்பிட்ட காலத்துக்கோ குறிப்பிட்ட எல்லைக்குள்ளோ அதே தொழிலைச் செய்ய மாட்டேன் என்று ஒப்புக்கொண்டால், அந்தக் கட்டுப்பாடு நியாயமானதாக இருக்கும் வரை செல்லும் என்கிறது. சம்பளக்காரனாக வைத்திருக்கும் வரை சீடனைச் சட்டம் கட்டாது, பங்குதாரன் ஆக்கினால் கட்டும். என்னைக் கேட்டால் இந்த ஒரு விஷயத்தை ஒவ்வொரு மாஸ்டரும் தெரிந்துகொள்ள வேண்டும். பத்து சதவீதமோ பதினைந்து சதவீதமோ பங்கு கொடுத்தால் அவன் வெளியே போகிற ஆசையும் குறையும், போனாலும் அளவோடு போவான். சும்மா வாய்ப்பேச்சில் பங்கு என்று சொன்னால் போதாது. பத்திரம் எழுதி ஃபர்மைப் பதிய வேண்டும். பதியாத ஃபர்ம் அந்தப் பத்திரத்தை வைத்துப் பங்குதாரர் மேல் வழக்குப் போட முடியாது. ஃபர்மின் கடனுக்குப் பங்குதாரர் ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பு என்பதால், நாளைக்கு அவன் ஏற்படுத்துகிற நஷ்டம் உங்கள் வீட்டுக் கதவையும் தட்டும். ஆளைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

பங்கு கொடுக்க மனம் இல்லாதவர்கள் குறைந்தபட்சம் குழு அட்மின் பொறுப்பையும், மாணவர் பெயர், போன் எண் இருக்கிற நோட்டையும் தங்களிடம் வைத்துக்கொள்ளட்டும். கட்டணம் உதவி மாஸ்டரின் ஜி.பேக்குப் போகாமல் கூடத்தின் கணக்குக்கு வரட்டும். மாதம் ஒரு முறை மாஸ்டரே வாசலில் நின்று பெற்றோரிடம் பேசட்டும். எழுதி வாங்குகிற தாளைவிட அந்தப் பத்து நிமிடப் பேச்சுக்குப் பலன் அதிகம்.

பெயரையும் காக்கலாம். வணிகக் குறிச் சட்டத்தில் பயிற்சி, விளையாட்டுச் சேவைகள் 41-ஆவது வகுப்பில் வருகின்றன. தனிநபரோ சிறு நிறுவனமோ இணையவழி விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய், பதிவு பத்து வருஷத்துக்கு. 'சேலம் ஃபிட்னஸ்' மாதிரி ஊரையும் தொழிலையும் மட்டும் சொல்கிற பெயருக்குப் பதிவு கிடைப்பது கடினம், கிடைத்தாலும் வலு இருக்காது. பதியாத பெயராக இருந்தாலும், நீங்கள் முன்பிருந்தே நடத்தி ஊரில் பெயர் எடுத்திருக்கிறீர்கள் என்று நிரூபித்தால் அடுத்தவர் அதே பெயரில் நடத்துவதைத் தடுக்கலாம். அதற்குத்தான் பழைய ரசீது புத்தகம், நோட்டீஸ், போட்டிப் புகைப்படம் எல்லாவற்றையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்வது. சொல்லிக் கொடுக்கிற வித்தையை மட்டும் யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. யோகாசனம், மூச்சுப் பயிற்சி போன்ற முறைகளுக்குப் பதிப்புரிமை கேட்ட ஒரு வழக்கில் 2014-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதை விளக்கி எழுதிய புத்தகத்துக்கு உரிமை உண்டு, அதைச் செய்வதற்கு இல்லை. சீடன் உங்கள் அலங்காரச் சுவடை, அதாவது சிலம்பக் காலடி வரிசையை, அப்படியே சொல்லிக் கொடுத்தாலும் வழக்குக்கு வழியில்லை.

பிள்ளைகள் இருக்கிற இடம்

"மாஸ்டர், பாப்பாவுக்கு லேடி மாஸ்டர் யாராவது இருக்காங்களா?" என்று சேர்க்க வருகிற அம்மா கேட்பார். "இருக்காங்கம்மா, செவ்வாய் வியாழன் அவங்கதான் எடுக்கறாங்க" என்று பதில் வந்தால் படிவத்தை வாங்குவார். இல்லாவிட்டால் "வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு வர்றேங்க" என்று போனவர் திரும்ப வருவதில்லை. சில மாஸ்டர்கள் இதை அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். கேட்கிற அம்மாவிடம் தப்பே இல்லை. தற்காப்புக் கலையில் கை பிடித்து, இடுப்பு திருப்பி, தோளை அழுத்தித்தான் நிலையைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எது பயிற்சி, எது அத்துமீறல் என்று எட்டு வயதுப் பிள்ளையால் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் கூடத்தின் வழக்கமே அதைப் பிரித்துக் காட்ட வேண்டும். தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொடுவது, தனி வகுப்பு என்றாலும் கதவு திறந்திருப்பது, பெரியவர் இரண்டு பேராவது இருப்பது, மாணவரின் போனுக்குத் தனிச்செய்தி அனுப்பாமல் எதையும் பெற்றோர் வழியாகவே சொல்வது. உடை மாற்றும் அறைப் பக்கம் கேமராவின் கண் போகக்கூடாது.

சட்டமும் இதில் கடுமையாகத்தான் இருக்கிறது. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், நடக்கலாம் என்று தோன்றினாலும்கூட, காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தன் கீழ் வேலை செய்கிறவர் செய்ததை மறைக்கிற நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. 'நம்ம பையன், கண்டிச்சு விட்டுட்டோம்' என்று மாஸ்டர் மூடிவைத்தால் அவரும் குற்றவாளி. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை வாசலில் பெரிதாக எழுதி வைத்த கூடங்கள் சில இருக்கின்றன. பெற்றோர் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள்.

அடிபடுவதற்கு வருவோம். சேர்க்கைப் படிவத்தின் அடியில் 'காயம் ஏற்பட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று ஒரு வரி எல்லோரும் வைத்திருக்கிறார்கள். பதினெட்டு வயது ஆகாதவரின் ஒப்பந்தமே செல்லாது என்பது 1903-ஆம் ஆண்டிலிருந்து தீர்ந்த சட்டம். அப்பா கையெழுத்துப் போட்டாலும், உங்கள் கவனக்குறைவுக்கு அது மன்னிப்பு ஆகாது. உயிரே போய்விட்டால் பாரதிய நியாய சன்ஹிதா என்கிற குற்றவியல் சட்டத்தின் 106-ஆவது பிரிவில் கவனக்குறைவான மரணத்துக்கு ஐந்தாண்டு வரை தண்டனை இருக்கிறது. படிவம் வேறு வகையில் உதவும்: பிள்ளைக்கு ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு உண்டா என்று கேட்டு எழுதி வாங்கியதற்கும், எந்தப் பயிற்சியில் என்ன அபாயம் என்று பெற்றோருக்குச் சொன்னதற்கும் அது சாட்சி.

இருவர் மோதிப் பழகுகிற ஸ்பாரிங்கில் ஹெட்கார்டு என்கிற தலைக்காப்பு மாட்டினால் தலைக்கு ஒன்றும் ஆகாது என்று நம்புகிறார்கள். அது வெட்டுக்காயத்தைக் குறைக்கும், உள்ளே மூளை அதிர்வதைத் தடுக்காது. தலையில் அடிபட்ட பிள்ளை வாந்தி எடுத்தாலோ, கேட்டதையே திரும்பக் கேட்டாலோ, தூக்கக் கலக்கமாக இருந்தாலோ ஐஸ் வைத்து உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழைத்து மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனைக்கோ பக்கத்து மருத்துவமனைக்கோ கொண்டுபோக வேண்டும். அன்றைக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும், மருத்துவர் சொல்லும் வரை மறுபடி ஸ்பாரிங் கிடையாது. ஜிம்மில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறவருக்கு முதல் சில நிமிடத்தில் நெஞ்சை அழுத்தத் தெரிந்த ஒருவர், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வீதம், அங்கே இருந்தாக வேண்டும். வரவேற்பில் உட்காருகிற பெண்ணிலிருந்து எல்லோரும் சி.பி.ஆர் பழகட்டும்.

பெரிய காயத்தைவிட அடிக்கடி ஆளைக் குறைப்பது படர்தாமரை. வியர்த்த உடம்பு, ஈர மேட், ஜூடோ மாதிரி கட்டிப் புரள்கிற பயிற்சி. ஒருவருக்கு வந்தால் மாதத்துக்குள் வகுப்பே சொறிந்துகொண்டிருக்கும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற கலவைக் களிம்புகளில் ஸ்டீராய்டு இருப்பதால் சிவப்பு மறைந்த மாதிரி இருந்து, பிறகு ஊரெல்லாம் பரவும். வட்டமாகத் தோலில் எதையாவது பார்த்தால் தோல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்வதும், ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் மேட்டைக் கிருமிநாசினியால் துடைத்துக் காயவிடுவதும் மாஸ்டரின் வேலைதான். ஸ்டீராய்டு என்றதும் இன்னொன்று: மருந்துச்சீட்டு இல்லாமல் ஊசி, மாத்திரை கைமாறுகிற ஜிம்மில் உரிமையாளருக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது.

இன்சூரன்ஸில், தீ, மழை வெள்ளத்துக்கு 2021-இல் வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா சிறு தொழில்களுக்கென்றே இருக்கிறது, ஓர் இடத்தில் மொத்த மதிப்பு ஐந்து கோடி வரை. வந்து போகிறவர்களுக்கு அடிபட்டால் வருகிற நஷ்ட ஈட்டுக்குப் பொதுப் பொறுப்பு பாலிசி. அதில் ஸ்பாரிங், போட்டி விலக்கப்பட்டிருக்கிறதா என்று ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேளுங்கள், பல பாலிசிகளில் விலக்கியிருப்பார்கள். பிள்ளைகளுக்குக் குழு விபத்துக் காப்பீடு எடுக்கலாம். பெரியவர்களிடம் வங்கியில் வருஷம் 20 ரூபாய்க்குக் கிடைக்கிற பிரதமர் சுரக்ஷா பீமா, இரண்டு லட்சம் வரை விபத்துக் காப்பீடு, இருக்கிறதா என்று கேட்பதில் செலவே இல்லை.

ஏற்காட்டுப் பயணம் தனியாகச் சொல்ல வேண்டியது. அடிவாரத்தில் விடியற்காலை ஓட்டம், வருஷத்துக்கு ஒரு முறை மேலே முகாம் என்பது சேலத்துக் கூடங்களின் சம்பிரதாயம். இருபது கொண்டை ஊசி வளைவு. அதற்கு யாரோ பெற்றோரின் நண்பருடைய வெள்ளைப் பலகை வேனை வாடகைக்குப் பேசுவார்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிந்த வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்கப் பார்க்கும். மஞ்சள் பலகை வண்டி கொஞ்சம் அதிகம் கேட்கும், கேட்கட்டும்.

சான்றிதழ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்த பிறகு பெற்றோரின் முதல் கேள்வி 'சர்டிபிகேட் செல்லுமா?' என்பதுதான். கராத்தேயில் சங்கத்துக்கு ஒரு சான்றிதழ், ஆளுக்கு ஒரு கிராண்ட் மாஸ்டர். டேக்வாண்டோவில் 'டான்' எனப்படும் கறுப்புப் பெல்ட் நிலைக்குச் சியோலில் உள்ள தலைமையகமான குக்கிவோன் தருகிற சான்று இருக்கிறது. எந்தச் சான்று எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று சேர்க்கும்போதே சொல்லிவிடுகிற மாஸ்டருக்கு அந்த மாதம் இரண்டு சேர்க்கை குறையலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பெல்ட் தேர்வு வைத்துக் கட்டணம் வாங்குகிற கூடத்தில், கறுப்புப் பெல்ட் கட்டிய பத்து வயதுப் பையன் மாவட்டப் போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியே வரும்போது அப்பாவுக்கே புரிந்துவிடும்.

கடைசியாக, மாஸ்டருக்கு முழங்கால் தேய்ந்த பிறகு என்ன ஆகும் என்பது. பெரும்பாலான கூடங்கள் மாஸ்டரோடு முடிந்துவிடுகின்றன, இருபது வருஷ உழைப்புக்கு மிஞ்சுவது மெஷினின் பழைய இரும்பு விலை. விற்கவும் முடியும். கூடத்தின் நற்பெயரை விலைக்குக் கொடுக்கும்போது மட்டும் ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவே ஒரு விலக்கு வைத்திருக்கிறது: விற்றவர் குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலைச் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால், எல்லை நியாயமாக இருந்தால், அது செல்லும். வாங்குகிறவர் பார்ப்பது வாடகை ஒப்பந்தத்தில் மிச்சம் எத்தனை வருஷம், பெயர் யார் பேரில் பதிந்திருக்கிறது, மூன்று வருஷக் கட்டண நோட்டு நேராக இருக்கிறதா என்பதை. என் கணக்கில் இருந்த ஒரு மாஸ்டர் அப்படி நல்ல விலைக்குக் கொடுத்தார், சேலம் மாநகராட்சி எல்லைக்குள் இனி வகுப்பெடுப்பதில்லை என்று பத்திரம். இப்போது சனி, ஞாயிறு ஏற்காட்டில் எஸ்டேட் பிள்ளைகளுக்குக் கம்பு சொல்லிக் கொடுக்கிறார். ஏற்காடு மாநகராட்சி எல்லைக்குள் வராது.